உப்பு ஆவியாகாது: நன்னீர்த் தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றும்போது செய்யும் தவறுகள்

போன கிழமை, திருகோணமலையில் எங்கள் பக்கத்து உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி வந்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருபது லீற்றர் கலன், நிறையக் கடல் தண்ணீர். கப்பி மீன் வளர்த்த தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றி மூன்று மாதமாகிறதாம். "குறையக் குறைய நல்ல கடல் தண்ணியாத்தான் விடுறன் அண்ணா. பவளம் ஒண்டும் விரியுதில்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு காலத்தில் அதே கலனைக் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

தீனை அள்ளிக் கொட்டுவது, ஒரே நாளில் பத்து மீன் வாங்குவது எல்லாம் தவறு என்று நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவருக்கே தெரியும். அதை விடுகிறேன். நன்னீரில் சரியாக இருந்து, உப்புநீருக்கு வந்ததும் காலை வாருகிற பழக்கங்கள் சில உண்டு.

வற்றிய தண்ணீருக்குக் கடல் தண்ணீர் விடுவது

நன்னீர்த் தொட்டியில் மட்டம் இறங்கினால் இன்னொரு வாளி அதே தண்ணீரை ஊற்றுவோம். கை அப்படிப் பழகிவிட்டது. கடல் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. அதன் மேல் கடல் தண்ணீரை ஊற்றினால்? நிலாவெளி உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்கிற வேலையை நாம் ஹோலில் கண்ணாடிக்குள் செய்கிறோம்.

என் தொட்டியில் 150 லீற்றர் தண்ணீர். ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. சூடு தணியட்டும் என்று ஃபேனையும் தொட்டிக்கு நேரே திருப்பி வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு 3 லீற்றர் வற்றும். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆக, தினமும் நூறு கிராமுக்கு மேல் உப்பை என் கையாலேயே போட்டிருக்கிறேன். பத்து நாளில் ஒரு கிலோ! ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உவர்ப்பு, கணக்குப் போட்டால் 42. செங்கடலில்கூட 40, 41 தான்.

முதலில் நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்து கிடந்தன. அப்புறம், சட்டைப் பொத்தான்களைப் பரப்பி வைத்தது போல விரிந்து நிற்கும் மென்பவளம் மொட்டாகச் சுருங்கி, மூன்று நாளாகியும் திறக்கவில்லை. மீன் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தீன் கேட்டு மேலே வந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

அளக்காமலும் இருக்கவில்லை. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உவர்ப்பைக் காட்டுகிற, முள் ஆடுகிற பிளாஸ்ரிக் ஹைட்ரோமீற்றர் ஒன்று வைத்திருந்தேன். அது தினமும் 1.025 என்று, அதாவது சரியான கடல் தண்ணீர் என்று, சாதித்தது. முள்ளில் உப்புப் பொருக்கு ஏறிப் பாரமாகி, மேலே எழும்ப முடியாமல் நின்றிருக்கிறது. வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவிவிட்டு மறுபடி அளந்தபோது முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். பதறிப்போய் அன்றிரவே 40 லீற்றரை எடுத்து ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரை நிரப்பினேன். 42 இல் இருந்த உவர்ப்பு ஒரு மணி நேரத்தில் 31 க்கு இறங்கியது. அத்தனை உப்பையும் தாங்கி நின்ற இறால்கள் விடியும்போது செத்துக் கிடந்தன. இறக்குவதானால் ஒரு நாளைக்கு 1, மிஞ்சிப்போனால் 2. உப்புவெளித் தம்பியின் தொட்டியைப் போய் அளந்தோம், 39. நாலு நாள் எடுத்து இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. நீர்மட்டத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு துண்டு செலோரேப் ஒட்டி, தினமும் காலையில் அந்த அடையாளம் வரைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் (உப்புகளை நீக்கி வடிகட்டியது) விடுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உவர்ப்பும் சுண்ணாம்பும் இருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின். கடல் தண்ணீர் தேவைப்படுவது தண்ணீர் மாற்றுகிற நாளில் மட்டும்: எடுத்த அளவுக்கு விடுவது. காசு இருந்தால், ஒளி வளைவதை வைத்து உவர்ப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்று வாங்குங்கள். அதையும் 35 என்று குறித்த சோதனைக் கரைசலில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

செம்பு மருந்து விட்ட தொட்டி

வெள்ளைப்புள்ளி நோய்க்கென்று செம்பு கலந்த மருந்தை எப்போதாவது விட்டீர்களா? அந்தத் தொட்டியை மாற்ற வேண்டாம். கண்ணாடியை இணைத்த சிலிக்கன் பசையும் சுண்ணாம்புக் கல்லும் செம்பைப் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல விடும். மீன் தாங்குகிற அளவை இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

"ஃபில்டர் பழசுதானே, பாக்டீரியா இருக்குமே"

இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்னீரில் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுத்த கூட்டத்தில் பெரும்பகுதி கடல் உப்பில் செத்துப்போகும். செத்தது அழுகி அதுவும் அமோனியாவாகும். புதுக் கூட்டம் பிடிக்க நாலு முதல் ஆறு கிழமை. மொலி மீனை மெல்லப் பழக்கினால் கடல் தண்ணீரிலும் உயிரோடு நிற்கும். அது நீந்துவதைப் பார்த்துத் தொட்டி தயார் என்று நீமோ (கோமாளி மீன்) வாங்க ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மொலி எதையும் தாங்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டட்டும், அப்புறம் கடைக்குப் போங்கள்.

தண்ணீர் அள்ளும் இடம்

கார்த்திகை, மார்கழி மழையில் அள்ளாதீர்கள். வெள்ளம் இறங்கிக் கரையோரம் கலங்கி, உவர்ப்பும் குறைந்திருக்கும். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது, அங்கே எப்போதுமே யோசிக்க வேண்டும். துறைமுகத்துக்குள் படகுகளின் எண்ணெய். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியிருக்கும்போது, திறந்த கடல் பக்கமாக அள்ளி, அளந்து பார்த்து விடுங்கள்.

ஹீட்டர்

கழற்றி வையுங்கள். இந்த ஊரில் ஆறவைப்பதுதான் பாடு.

புறாமலைப் பவளம்

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவின் பவளத்தில் கை வைக்க வேண்டாம். 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த துண்டுக்கும் அதே சட்டம்தான்.