ஆய்வு மடல் தொடங்குவது எப்படி? தலைப்பு முதல் திருத்தம் வரை

காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள உத்தரமேரூரின் கோயில் கல்வெட்டைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரு வரி, கீழே ஒரு கோயில் படம். அதை அனுப்பியவர் பொய் சொல்ல நினைத்தவர் அல்ல. அந்தச் சுவரில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். கல்வெட்டைப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்; ஆனால் அது நூலக அலமாரியில் இருக்கிறது.

இந்தத் தூரத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி மின்மடல், அதாவது விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு மின்னஞ்சலில் தொடர்ந்து அனுப்பும் கட்டுரை. அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் 2019 செப்டம்பரில் அன்றாட அரசியலை வரலாற்றோடு சேர்த்து எழுதத் தொடங்கினார். இன்று லட்சக்கணக்கானவர்கள் அதைப் படிக்கிறார்கள். நமக்கு அந்த எண்ணிக்கை வேண்டாம். ஊர் வரலாறோ, மருத்துவமோ, சட்டமோ, பறவைகளோ, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அக்கறையோடு படிக்க நூறு பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். நான் சோழர் காலத்து ஊராட்சி பற்றி எழுதுகிறேன், அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

முதல் படி: ஒரு கேள்வி

‘தமிழக வரலாறு’ என்று தொடங்கினால் மூன்றாவது மடலிலேயே திணறிப்போவீர்கள். ‘ஊர்ச் சபை எப்படி நடந்தது?’ என்பது மாதிரி ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பத்து மடல்களுக்குத் தலைப்பு எழுதிப் பாருங்கள். நான்கோடு நின்றுவிட்டால் கேள்வியைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். பத்தும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் குறுக்குங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

இரண்டாம் படி: எதில் அனுப்புவது

நண்பர்களுக்கு ஜிமெயிலில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத நகல்) போட்டு அனுப்புவது எளிதாகத் தெரியும், வேண்டாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும். அதைவிட முக்கியம், மடல் வேண்டாம் என்று நினைப்பவர் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள அதில் வசதி கிடையாது.

சப்ஸ்டாக் என்ற மடல் தளத்தில் இலவசமாகத் தொடங்கலாம். கட்டணச் சந்தா வைத்தால் அதில் 10% எடுத்துக்கொள்வார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இன்னொரு வழி கோஸ்ட், லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நடத்தும் திறமூல (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள். அதற்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். புதிதாக வருபவர்கள் சப்ஸ்டாக்கில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். எதில் இருந்தாலும் மாதம் ஒருமுறை சந்தாதாரர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணையாக) இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் நாளை விதியை மாற்றினாலும் உங்கள் வாசகர்கள் உங்களோடு இருப்பார்கள்.

இன்னொன்று: உங்கள் போனில் இருக்கிற முகவரிகளை நீங்களாகவே பட்டியலில் சேர்க்காதீர்கள். இணைப்பை அனுப்புங்கள், விரும்புகிறவர்கள் சேரட்டும்.

மூன்றாம் படி: முதல் மடல்

வேலை முழுக்க இங்கேதான் இருக்கிறது. அதனால் ஒரு மடலை எடுத்துப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன்.

எல்லோரும் கேள்விப்பட்ட கூற்றை முதலில் வையுங்கள்: ‘உத்தரமேரூரில் தேர்தல் நடந்தது.’ அப்புறம் ஆதாரத்திடம் போங்கள். அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். கல்வெட்டு அறிஞர் வெங்கையா அவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் விளக்கி வெளியிட்டார். அந்த அறிக்கை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம்.

இப்போது வாசகரைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருக்கிறது. ஊர் வேலைகளைக் கவனிக்கும் சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை முழுவதும் கூடியிருக்கிறது. ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்கிறான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏன் விரல்களை விரிக்க வேண்டும்? கைக்குள் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்திருக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்த ஒரு காட்சியை எழுதிவிட்டால் வாசகர் மடலை மூடமாட்டார்.

கவனியுங்கள், இதில் ஓட்டே இல்லை. இது சீட்டுக் குலுக்கல். குடத்தில் பெயர் விழவும் தகுதி வேண்டும்: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. வேதமும் பாஷ்யமும் (விளக்க உரையும்) கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. ஊரில் உழைத்த பெரும்பாலானவர்கள் இந்தக் குடத்துக்கு வெளியே இருந்தார்கள். அதே கல்வெட்டுதான், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குகிறது. அவருடைய சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகளையும் சேர்த்து விலக்குகிறது. இரண்டையும் எழுதுங்கள். பெருமையை மட்டும் எழுதினால் அது வாட்ஸ்அப் செய்திக்குத் துணைபோகும். குறையை மட்டும் எழுதினால், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஒரு சபையை மறைத்தவர்கள் ஆவோம்.

எழுதும்போது கல்வெட்டு சொல்வதையும் நீங்கள் ஊகிப்பதையும் வாசகர் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். மேலே விரல் விஷயத்தில் ‘என்று நான் புரிந்துகொள்கிறேன்’ என்று போட்டேன் அல்லவா, அதற்காகத்தான். ஆதாரத்தையும் மடலின் அடியில் குவிக்காமல், சொல்லும் இடத்திலேயே எந்த அறிக்கை, எந்த ஆண்டு என்று சொல்லி இணைப்புக் கொடுங்கள்.

பழைய நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகியவற்றில் தேடுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. மற்றவற்றிலிருந்து தேவையான சில வரிகளை மட்டும் பெயர் சொல்லி எடுத்தாளுங்கள்.

நான்காம் படி: அனுப்பும் முன்

தமிழில் எழுதுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுமார் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மடலை நடுவில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொ’ என்பதில் இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட். ஆயிரம், ஆயிரத்து இருநூறு சொற்களில் நிறுத்திக்கொண்டால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் இரண்டு மடலாக்குங்கள்.

முதலில் உங்களுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி, போனில் திறந்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடையுங்கள். தலைப்பின் முதல் நான்கைந்து சொற்களிலேயே விஷயம் வந்துவிட வேண்டும், மிச்சத்தைப் போன் திரை மறைத்துவிடும். மாதம் இரண்டு மடல், ஒரே கிழமை, ஒரே நேரம். வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே திண்டாட வேண்டாம்.

கட்டணத்தைப் பற்றி முதல் வருடம் யோசிக்காதீர்கள். பிறகு வைத்தாலும் ஆய்வு மடல்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும். ஆதரிக்க விரும்புகிறவர்கள் தாமாகக் கொடுப்பார்கள்.

ஐந்தாம் படி: திருத்தம்

என் மூன்றாவது மடலில், சபைக் குழு உறுப்பினராகும் வயது 30 முதல் 60 என்று எழுதிவிட்டு அதை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் விதி என்றும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து பதில்: ‘தம்பி, அது 919இல் உள்ளது. 921இல் 35 முதல் 70 என்று மாற்றினார்கள். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.’ பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. எனக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிழையால்தான் ஒரு நல்ல கேள்வி கிடைத்தது: இரண்டே ஆண்டில் வயது வரம்பை ஏன் மாற்றினார்கள்? அடுத்த இரண்டு மடல்கள் அதைப் பற்றித்தான்.

பிழை தெரிந்ததும் இணையத்தில் உள்ள மடலைத் திருத்தி, திருத்திய தேதியையும் முன்பு இருந்த தவறையும் அங்கேயே எழுதுங்கள். அடுத்த மடலின் தொடக்கத்திலும் சொல்லுங்கள், ஏனென்றால் இன்பாக்ஸுக்குப் போன மடலைத் திரும்ப வாங்க முடியாது. சுட்டிக்காட்டியவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு மடலின் முடிவிலும் ‘இதற்கு நீங்கள் பதில் எழுதலாம்’ என்று ஒரு வரி வையுங்கள், வருகிற பதிலுக்குப் பதில் போடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மடல் போன அன்றே அதன் இணைய முகவரியை, இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள், ஒரு பிடிஎஃப் பிரதியை உங்களிடமும் வையுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பத்து வருடம் கழித்து உங்கள் மடலை யாராவது மேற்கோள் காட்டினால், அதைத் தேடி வருகிறவருக்கு அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.