காது மெஷின் டப்பாவுக்குள் முடங்குவது ஏன்?

"சத்தம் கேக்கு, என்ன சொல்லுதாகன்னுதான் வெளங்கல." நெல்லைப் பக்கம் ஆச்சி, தாத்தாக்கள் அடிக்கடி சொல்வது இது. வயதானால் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் தேயும். உயிரொலிகள் காதில் விழும். ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். வீட்டார் உடனே கத்துகிறார்கள். கத்தினால் உயிரொலிதான் பெருகும், உதட்டசைவும் கோணும். டிவியை அணைத்துவிட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி மூன்றடிக்குள் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

சோதிக்காமல் கருவி வாங்குவது அடுத்த தவறு. அடைப்பு வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், சீழாகவும் இருக்கலாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும், பிறகு ஆடியோகிராம், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே அளந்து, அந்த வரைபடத்துக்கு ஏற்பத்தான் மெஷினை அமைக்க வேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடவே வேண்டாம்; செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும்.

மெஷின் வாங்கிய பலர் தோற்பது பழக்கத்தில்தான். புதிதாக மாட்டிய கையோடு கல்யாண மண்டபத்துக்கோ ஆனித் தேரோட்டத்துக்கோ போனால் எல்லாம் இரைச்சலாகத்தான் இருக்கும். கழற்றி வைத்தவர் பிறகு தொடுவதே இல்லை. ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், தான் மெல்லும் சத்தம்கூட மூளைக்கு மறந்துபோயிருக்கும். முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் ஓரிரு மணி நேரம். அப்புறம் நாலு பேர் பேச்சு. தெரு, சந்தை கடைசியில். இரண்டு மூன்று வாரத்தில் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் நிபுணர்) திரும்பப் போய் ஒலி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். நன்றாகப் பழகச் சில மாதங்கள் ஆகும். வீட்டார் பொறுமையாகக் கூட நின்றால்தான் இது நடக்கும்.

'கீய்' என்று விசிலடித்தால் வால்யூமைக் குறைக்காதீர்கள். காதுக்குள் பொருந்தும் அச்சுத் துண்டான மோல்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மோல்டைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டவும். ஸ்டிக்கர் ஒட்டிய துத்தநாக பேட்டரியில் ஸ்டிக்கரை உரித்து இரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்தபின் போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. தாமிரபரணியில் இறங்குமுன் மெஷினைக் கழற்றிவிடுங்கள். பாபநாசம், குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் ஈரம் உள்ளே ஏறும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

"அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாக" என்று குழந்தை விஷயத்தில் காத்திருப்பது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. காது வளர வளர மோல்டு தளரும். முதல் ஆண்டில் சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அச்செடுக்க வேண்டியிருக்கும்.