எக்செல் ஷீட்டை டேட்டாபேஸ் ஃபைலா மாத்துறது எப்படி

இதுக்குன்னு தேடுனா காசு கேக்குற கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் வரிசையா வந்து நிக்கும், ஒண்ணுமே வேண்டாம். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, அது போதும் (எஸ்க்யூலைட்ங்குறது எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வச்சுக்குற ஒரு டேட்டாபேஸ் வகை). கன்வெர்ட் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. ஷீட்டை ஒழுங்கு பண்றதுலதான் பாதி நாள் போயிடும், அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

முதல்ல ஒரிஜினல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, காப்பில மட்டும் கை வைங்க. முதல் வரில காலம் (மேலிருந்து கீழ போற நெடுக்கு வரிசை) பேர் மட்டும் இருக்கணும், மேல பெருசா போட்ட தலைப்பு, கீழ இருக்குற மொத்தம் வரி, நடுவுல அழகுக்கு விட்ட காலி வரி எல்லாத்தையும் தூக்கிடுங்க. மெர்ஜ் பண்ண செல் இருந்தா பிரிச்சுட்டு எல்லா வரிலயும் அந்த மதிப்பை நிரப்பணும், இல்லைன்னா முதல் வரிக்கு மட்டும் மதிப்பு வரும், மத்ததெல்லாம் காலியா போயிடும். சிவப்பு கலர்ல இருந்தா பணம் பாக்கின்னு ஒரு கணக்கு வச்சிருப்பீங்க பாருங்க, அந்த கலர் டேட்டாபேஸுக்கு வராது, அதுக்கு தனியா ஒரு காலம் போட்டு எழுதிடுங்க.

அடுத்து சிஎஸ்வி, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் கமாவால பிரிச்சு எழுதுற வெறும் எழுத்து ஃபைல்; ஷீட்டை முதல்ல இதா சேவ் பண்ணித்தான் டேட்டாபேஸுக்குள்ள கொண்டுபோகணும். இங்க ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி தலைவலி போச்சு: எக்செல் சிஎஸ்வியா சேவ் பண்ணும்போது செல்லுக்குள்ள உண்மையில என்ன இருக்குன்னு பாக்காது, ஸ்க்ரீன்ல எப்படி தெரியுதோ அப்படியே எழுதிடும். நான் இதுல நல்லா மாட்டியிருக்கேன். தொகை காலத்துல 1,250னு கமா போட்டு ஃபார்மட் பண்ணியிருந்தேன், இம்போர்ட் ஆச்சு, எரரே வரல, ஆனா கூட்டிப் பாத்தா மொத்தம் படு கம்மி. ஏன்னா எஸ்க்யூலைட் அதை எழுத்தா எடுத்துக்கிட்டு, கூட்டும்போது கமா வரைக்கும் இருக்குற 1ஐ மட்டும் எண்ணா எடுத்துக்குது! அதனால தொகை காலத்தை எல்லாம் ஜெனரல் ஃபார்மட்டுக்கு மாத்திடுங்க. தேதியை 2021-04-03 மாதிரி வருஷம்-மாசம்-நாள்னு வைங்க, எஸ்க்யூலைட்ல தேதிக்குன்னு தனி டைப் கிடையாது, இப்படி வச்சாதான் வரிசைப்படுத்தும்போது சரியா வரும்.

சேவ் ஆஸ் போய் சிஎஸ்வி யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்குற எழுத்துக் குறியீடு) செலக்ட் பண்ணுங்க. வெறும் சிஎஸ்வி கொடுத்தா தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறிடும். ஒரு நேரத்துல ஒரு ஷீட்தான் சேவ் ஆகும், மூணு ஷீட்னா மூணு தடவை. சேவ் ஆன சிஎஸ்வியை சரி பாக்குறேன்னு டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்து திரும்ப சேவ் பண்ணிடாதீங்க, 00427ங்குற நம்பர் 427 ஆகிடும், 16 இலக்க நம்பரா இருந்தா கடைசி இலக்கம் பூஜ்யமாகிடும் (எக்செல் 15 இலக்கம்தான் வச்சுக்கும்). நோட்பேட்ல பாருங்க.

இப்போ டிபி பிரவுசர்ல புது டேட்டாபேஸ் ஒண்ணு உருவாக்கி, ஃபைல், இம்போர்ட், டேபிள் ஃப்ரம் சிஎஸ்வி. முதல் வரி காலம் பேர்ங்குற டிக்கை போடுங்க, என்கோடிங் யூடிஎஃப்-8. முன்னாடி பூஜ்யம் வர்ற நம்பர் இருந்தா அட்வான்ஸ்டுல டேட்டா டைப் கண்டுபிடிக்குற வேலையை டிசேபிள் பண்ணிடுங்க, எல்லாம் டெக்ஸ்டா வரும், அப்புறமா மாடிஃபை டேபிள்ல போய் தொகை காலத்தை மட்டும் எண்ணா மாத்திக்கலாம். மாத்தாம விட்டா 1000 முன்னாடியும் 9 பின்னாடியும் வரும், எழுத்து வரிசை அப்படித்தான். முடிச்சதும் ரைட் சேஞ்சஸ் அழுத்த மறக்காதீங்க, அதுவரைக்கும் ஃபைல்ல எதுவும் ஏறியிருக்காது.

சில பழைய புரோகிராம் டிபிஎஃப்ங்குற பழைய வகை டேட்டாபேஸ் ஃபைல்தான் கேக்கும். எக்செல் 2007ல இருந்து அதுல சேவ் பண்ற வசதியை எடுத்துட்டாங்க, லிப்ரே ஆஃபீஸ் கால்க்ல இன்னும் இருக்கு, காலம் பேர் மட்டும் 10 எழுத்துக்குள்ள இருக்கட்டும்.

கடைசியா எக்செல்ல எத்தனை வரி, டேபிள்ல எத்தனை வரின்னு ஒப்பிடுங்க, ஒரு தொகை காலத்தை ரெண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் 65,536 வரிக்கு மேல தாங்காது, 2020ல இங்கிலாந்துல இந்த ஃபார்மட்டால கிட்டத்தட்ட 16,000 கொரோனா கேஸ் கணக்குல வராம விட்டுப்போச்சு. கூட்டல் ஒத்துப்போகலைன்னா டேபிளை அழிச்சுட்டு மறுபடி இம்போர்ட் பண்ணுங்க, உள்ள உக்காந்து ஒவ்வொரு வரியா திருத்த வேண்டாம்.