பழைய ரகப் பழ மரங்களைப் பெருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டையைப் போட்டால் அதே மரம் வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஆப்பிளும் பேரியும் விதையிலிருந்து முளைத்தால் தாயைப் போல இருக்கவே இருக்காது. சில மா ரகங்களின் கொட்டையில் ஒன்றுக்கு மேல் முளை வரும், அவை பெரும்பாலும் தாயை உரித்து வைத்தது போல வளரும், மற்றபடி ஒட்டுக் கட்டினால்தான், அதாவது அந்த மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு கன்றின் மேல் பொருத்தி வளர்த்தால்தான், அந்த ரகம் பிழைக்கும்.

சரி, குச்சிக்கு எங்கே போவது? பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பழைய மரங்களில் ஒரே ரகத்துக்கு நாலு பெயரும், ஒரே பெயரில் இரண்டு மூன்று ரகமும் சாதாரணம். காய்க்கும்போதே மரத்தடிக்குப் போய், தின்று பார்த்து, அந்தக் கிளையில் துணி கட்டிவிட்டு, குச்சி வெட்டும் பருவத்தில் திரும்பப் போங்கள். இலை சுருண்டோ மஞ்சள் திட்டு விழுந்தோ இருந்தால், எவ்வளவு அரிய மரமானாலும் அதில் கை வைக்காதீர்கள், ஏனென்றால் வைரஸ் ஒட்டு வழியாகவே பரவும். மரத்துக்கு மரம் கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பதும் நோய் பரவாமல் இருக்கத்தான்.

ஆப்பிள் குச்சியை மரம் இலையுதிர்த்து உறங்கும்போது வெட்டி, ஈரத்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். அதே ஃபிரிட்ஜில் பழம் மட்டும் இருக்கக் கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கொன்றுவிடும். மாவுக்கு வேறு முறை: வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளி காம்பை மட்டும் விட்டால், மொட்டு உப்பித் தயாராக நிற்கும்.

எனக்கு அதிகம் வலிக்கிற தவறு ஒட்டுப் பிடித்த பிறகு நடப்பது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி, அதாவது குச்சியைத் தாங்கும் அடிக்கன்று, தளிர்விடும், பார்க்க செழிப்பாக இருப்பதால் யாரும் கிள்ளமாட்டார்கள், மேலே இருக்கும் அரிய ரகம் சத்தமில்லாமல் காய்ந்துபோகும், கடைசியில் ஊரே சேர்ந்து பல வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு காய்ப்பது வேர்ச்செடியின் பழம். வாரம் ஒரு தடவை ஒட்டுக்குக் கீழே பாருங்கள், தளிர் இருந்தால் கையாலேயே பிய்த்துவிடுங்கள்.

வேர்ச்செடி தேர்விலும் கவனம் வேண்டும். எம்9 போன்ற குட்டை வேர்ச்செடியில் ஆப்பிள் சீக்கிரம் காய்க்கும், ஆனால் ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும், தினமும் கவனிக்க ஆள் இல்லாத பொதுத் தோப்புக்கு அது ஒத்துவராது.

அப்புறம் பெயர்ப்பட்டை. மார்க்கரில் எழுதியது வெயிலில் வெளுத்துவிடும், அலுமினியத் தகட்டில் ஆணியால் அழுத்தி எழுதி, கிளையில் தொளதொளவென்று கட்டுங்கள். எந்தக் குழியில் எது என்று ஒரு வரைபடமும் இருக்கட்டும். ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு கன்றாவது கட்டி, ஒன்றை வேறு தோப்புக்குக் கொடுத்துவிடுங்கள், இங்கே பட்டுப்போனால் அங்கிருந்து குச்சி வாங்கிக்கொள்ளலாம்.