வேலூர்ப் பக்கத்திலிருந்து கடல் ரிக்குக்கு: ரவுஸ்டபவுட் வேலைக்குத் தயாராவது எப்படி

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் உடலுழைப்பு வேலைக்குச் செல்ல விரும்பும் வட ஆற்காட்டு இளைஞர்களுக்கு, ஏஜென்ட் அலுவலகத்தில் யாரும் உட்காரவைத்துச் சொல்லாத விவரங்களை இங்கே எழுதுகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்வது புதிதல்ல. ஆயினும் கடல் ரிக்கைக் கட்டட வேலை நடக்கும் இடமாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கே அடிபட்டால் ஆம்புலன்ஸ் வராது. ஹெலிகாப்டர்தான் வர வேண்டும், அதுவும் வானிலை இடங்கொடுத்தால்.

ரிக்கில் அடிமட்ட வேலைக்கு ரவுஸ்டபவுட் என்று பெயர். சரக்குக் கப்பலிலிருந்து கிரேன் தூக்கித் தரும் பொருள்களை இறக்கி அடுக்குவது, தளத்தைக் கழுவுவது, துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, துளையிடும் சேற்றுக்கான பாரைட், பெண்டோனைட் தாதுப்பொடி மூட்டைகளைக் கலவைத் தொட்டியில் கொட்டுவது ஆகியவையே அவருடைய அன்றாடம். துளையிடும் தளத்தில் குழாய்களை இணைத்துக் கழற்றுபவர் ரஃப்நெக். அந்த வேலைக்குப் பெரும்பாலும் ரவுஸ்டபவுட்டாக இருந்து பழகியவர்களையே எடுப்பார்கள். போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்; அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதலாம். ஆனால் போர்வெல்லில் கம்ப்ரஸர் காற்று பாறைத்தூளை வெளியேற்றுகிறது. எண்ணெய்க் கிணற்றிலோ, கனமான சேறு குழாய்க்குள் இறங்கி வெளிப்புறமாக மேலேறி வருகிறது; பூமிக்குள்ளிருக்கும் வாயுவும் எண்ணெயும் சீறிக்கொண்டு வராமல் அடக்கி வைப்பதும் அந்தச் சேற்றின் எடைதான். ஆகவே மூட்டை கொட்டும்போது எண்ணிக்கை தவறுவதை அங்கே சின்னத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் காகிதங்களைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்திலுள்ள சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் சவூதி, கத்தார், குவைத், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தின் வழியாக அந்த அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்த நடைமுறையோடு 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயமாக எடுக்கப்படும். ஏஜென்ட்டின் உரிம எண்ணை அதே தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டு, ‘விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றித் தருவோம்’ என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுவது நல்லது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கும் பதிவு செய்து வைக்கலாம். மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் போன்ற இந்தியக் கடற்பகுதியில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை கிடைத்தால் குடியகல்வு அனுமதி தேவைப்படாது. முதல் வேலைக்கு அதுவே மேல் என்பது என் கருத்து: மொழிச் சிக்கல் குறைவு, வீட்டில் ஒன்றென்றால் காட்பாடிக்கு ரயிலேறி வந்துவிடலாம்.

மருத்துவப் பரிசோதனையில் பலர் தடுக்கி விழுவது இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, நிறம் பிரித்தறியும் பார்வை ஆகியவற்றில்தான். சொத்தைப் பல்லையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும்; நடுக்கடலில் பல்வலி வந்தால் ரிக்கின் மருத்துவ உதவியாளர் மாத்திரை தருவார், பல் பிடுங்க மாட்டார். சான்றிதழை நிறுவனம் ஏற்கும் மருத்துவரிடம்தான் பெற வேண்டும் என்பதால், அதற்குச் சில வாரங்கள் முன்னதாக உள்ளூரில் நீங்களே ஒருமுறை சோதித்துக்கொண்டால் குறைகளைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

அடுத்தது பயிற்சி. வெளிநாட்டு ரிக்குகள் பெரும்பாலும், எண்ணெய்த் துறைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஒபிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற போசியட் (BOSIET) என்ற அடிப்படைக் கடல் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கின்றன; அது நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும், அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் ஒபிட்டோ இணையதளத்திலேயே உண்டு. இந்தியாவில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்குக் கோவாவின் பேதுலில் கடல் உயிர்காப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. தீயணைப்பு, முதலுதவி எல்லாம் சொல்லித் தருவார்கள். எல்லோரும் பயப்படுவது ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்து கவிழும்போது தப்பிக்கும் பயிற்சிக்குத்தான். ஹெலிகாப்டரைப் போல் செய்த ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பையோ அதனருகிலுள்ள பிடியையோ விடாமல் பற்றியிருக்க வேண்டும். சுழற்சி முழுதும் நின்ற பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, அதன் பின்னரே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முந்திக்கொண்டு பெல்ட்டைக் கழற்றியவருக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகும். உயிர்காப்பு உடையில் காற்றை நிரப்புவதும் வெளியே வந்த பிறகுதான். உள்ளே நிரப்பினால் அது உங்களைக் கூரையோடு அழுத்திவிடும், ஜன்னல் வழியே நுழைய முடியாது. சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் குறைவாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்களும் தேறுகிறார்கள். ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறாமலிருக்க முன்பே பழகிக்கொண்டு போவது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வார விடுமுறை என்பதே கிடையாது. ஓ.என்.ஜி.சி. ஊழியர்களுக்கு 14 நாள் கடலில், 14 நாள் கரையில் என்ற முறை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அது 28 நாளாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம் என்பதால், கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கரையிலிருக்கும் நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

ரவுஸ்டபவுட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் கிரேன் தூக்கும் சுமையின் வடிவில் வருகிறது. கப்பல் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கிரேன் ஒரு கண்டெய்னரைத் தூக்கி ரிக்கின் தளத்துக்குக் கொண்டுவரும். அது காற்றில் சுழலாமல் இருக்க அதில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் டேக் லைன் கயிற்றை நீங்கள் பிடித்துத் திசை திருப்புவீர்கள். அந்தக் கயிற்றைக் கையிலோ மணிக்கட்டிலோ ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. சுமை திடீரென விலகினால் கயிறு உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். சுற்றாமல் பிடித்தவர் கையை விட்டுவிடுவார், அவ்வளவுதான். சுமைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதீர்கள். சுமை வருவதற்கு முன்பே எந்தப் பக்கம் விலகி ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிரேனுக்குச் சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே, அவர் தனி நிற மேலுடை அணிந்திருப்பார். ஆனால் நிறுத்து என்ற சைகையை மட்டும் தளத்தில் இருக்கும் யார் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். வயதில் மூத்தவர், மேஸ்திரி என்று பார்த்து வாயடைத்து நிற்பது நம்மிடம் ஊறிய பழக்கம். அந்த மரியாதையை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம், கிரேனுக்கு அடியில் வேண்டாம்.

துளையிடும் குழாய் ஒன்று ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிக நீளமும், ஐந்து அங்குல வகையில் ஏறத்தாழ 300 கிலோ எடையும் கொண்டது. அது உருளும் திசையில் கையை வைத்தவருக்கு விரல் மிஞ்சாது. மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். காஸ்டிக் சோடா மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசம், ஏப்ரன், ரப்பர் கையுறை மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைப் பற்றி நம் பக்கத்தவருக்கு விளக்குவது எளிது. தோல் பதனிடும் தொழிற்சாலைத் தொட்டியில் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சில எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வருவதும் அதே வாயுதான். அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை ஆபத்து, நாற்றம் நின்றால் தப்பித்தோம் என்று எண்ணுவது உயிரைப் பறிக்கும் தவறு. காற்றில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகிறது, அதைவிடப் பல மடங்கு ஏறினால் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார்கள். அதனால் சட்டையில் மாட்டிய கருவி பெரும்பாலும் 10 பி.பி.எம். அளவிலேயே அலறும்படி வைக்கப்பட்டிருக்கும். அலறினால் முதலில் முகமூடி, பிறகு காற்றின் திசையைக் காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நடந்து உயரமான இடத்துக்குப் போக வேண்டும், ஏனெனில் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. விழுந்தவரை மூச்சுக்கருவி இல்லாமல் தூக்கப் போகவே கூடாது. தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது என்பதால் இத்தகைய ரிக்குகளில் தினமும் மழிக்கச் சொல்வார்கள்; மார்க்கத்துக்காகத் தாடி வைத்திருக்கும் வாணியம்பாடி, மேல்விஷாரம் சகோதரர்கள் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சின்னக் காயத்துக்குக்கூட அங்கே ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று புதியவர்கள் கேட்பார்கள். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு எண்ணெய் மேடையில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்க மாட்டார்கள். சமுத்ர சுரக்ஷா என்ற கப்பலில் சமையற்காரர் ஒருவருக்கு விரல் நுனி வெட்டுப்பட்டது; மழைக்காலத்தில் ஹெலிகாப்டர் வர முடியாததால், அவரைக் கிரேன் கூடையில் மேடைக்கு ஏற்றக் கப்பலை நெருங்கிக் கொண்டுவந்தார்கள். அலையில் கப்பல் மேடையின் வாயுக்குழாயில் மோதியது. தீ பரவி இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே அழிந்தது, 22 பேர் மாண்டார்கள். கத்தி வெட்டு, வழுக்கல் எதுவானாலும் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒத்திகை மணி அடித்தால் உங்கள் உயிர்காப்புப் படகின் எண்ணைத் தேடாமல் நேராகப் போய் நிற்கும் அளவுக்கு முதல் நாளே வழியை நடந்து பாருங்கள்.

அறை, சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. மது அறவே கூடாது, லைட்டரும் செல்போனும் தளத்துக்கு வரக் கூடாது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோகலாமா என்று அனுப்பும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஹெலிகாப்டரில் எடைக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைச் சீட்டோடு எடுத்துச் சென்று, இறங்கியதும் மருத்துவ உதவியாளரிடம் காட்டிப் பதிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை கரை திரும்பும்போதும் எந்த ரிக்கில், எந்தப் பதவியில், எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பதை நிறுவன முத்திரையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரஃப்நெக்காகவோ கிரேன் ஆபரேட்டராகவோ மேலே போக விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.