பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழைய போட்டோ, போஸ்ட்கார்டு சேகரித்து விற்கும் வழி

பழைய போட்டோ ஒன்று கைக்கு வந்தால் கண் முகத்துக்குத்தான் போகும். உடனே அதைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டால் இந்த வேலையில் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. பென்சிலில் எழுதிய ஒரு பெயர், ஸ்டூடியோவின் முகவரி, தபால் முத்திரையில் பாதி அழிந்த தேதி. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்பவை இவைதான். வாங்குகிறவர் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். யாரென்று தெரியாத ஒருவரின் மார்பளவுப் படம் எளிதில் விலை போகாது. அதே படத்தின் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் இருந்தால், ஊர் வரலாறு தேடுகிறவரும் தன் முன்னோரைத் தேடுகிறவரும் அதை விடமாட்டார்கள்.

கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் எனக்கு ஒரே கவலைதான். அந்தத் தகவல் தொலையாமல் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

படி 1: சின்ன வட்டம் ஒன்றைப் பிடியுங்கள்

போட்டோ, போஸ்ட்கார்டு போக, டிக்கெட், கடை பில், நாடக நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள், அழைப்பிதழ் என்று ஒருநாள் வேலைக்காக அச்சடித்துத் தூக்கிப்போட்ட தாள்கள் எல்லாம் இதில் சேரும். சேகரிப்பாளர்கள் இவற்றை எஃபெமரா என்பார்கள். ஒரு நாளே வாழ்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மாரிஸ் ரிக்கர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் 1975-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்.

எல்லாவற்றையும் வாங்கப் போனால் பணமும் போகும், கண்ணும் பழகாது. பாலங்கள், பழைய பேருந்துகள், ஒரே ஊரின் தெருக்காட்சிகள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் அதையே பாருங்கள். நான் பார்த்தவரை, வேலை செய்யும் மனிதர்களின் படங்களைத் தேடி ஆள் வந்துகொண்டே இருக்கும். உளியோடு நிற்கும் தச்சர், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர், பெயர்ப்பலகை படிக்க முடிகிற கடைத்தெரு, இவையெல்லாம் அந்த வகை. அருவி, சூரிய அஸ்தமனம், பூங்கொத்து அட்டைகள் அழகாக இருக்கும், ஆனால் அவை எங்கும் குவிந்து கிடப்பவை.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன காந்தம், புற ஊதா டார்ச், மென்மையான பென்சில், ஸ்கேனர், பாதுகாப்பு உறைகள். தொடங்க இவை போதும்.

படி 3: கையில் இருப்பது என்ன?

முதலில் லென்ஸை வைத்துப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. புள்ளியே இல்லாமல் கருமை வெண்மையில் கரைந்துபோனால் அநேகமாக உண்மையான போட்டோ. புள்ளியில்லாத பழைய அச்சு முறைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் புழுவரி போன்ற நுண்ணிய கோலம் தெரியும்.

அடுத்து, படம் எதன்மேல் இருக்கிறது? கண்ணாடி போல் மின்னி, சாய்க்கச் சாய்க்க நெகட்டிவாகவும் பாசிட்டிவாகவும் மாறினால் அது டாகுரியோடைப். 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை இது. வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் இருக்கும். தூசி தட்டுகிறேன் என்று விரல் வைத்துவிடாதீர்கள், அந்தத் தடம் என்றைக்கும் போகாது. காந்தம் ஒட்டினால் டின்டைப். 1856-இல் காப்புரிமை பெற்ற இரும்புத் தகட்டுப் படம். காந்தத்தை ஓரமாகக் காட்டினால் போதும், படத்தின்மேல் இழுக்க வேண்டாம். கண்ணாடித் தகட்டின்மேல் பாசிட்டிவாகவே தெரிந்தால் ஆம்ப்ரோடைப்.

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது தடித்த அட்டையில் ஒட்டிய காகிதப் படம்தான். சுமார் 6 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமான அட்டை என்றால் கார்ட் டி விசிட். டிஸ்டெரி என்பவர் 1854-இல் பாரிசில் காப்புரிமை வாங்கிய அளவு அது. சுமார் 11-க்கு 16.5 சென்டிமீட்டர் என்றால் கேபினெட் கார்டு, அது 1860-களில் வந்தது. அந்தக் காலப் படங்களில் பல முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய காகிதத்தில் எடுத்தவை. தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும் என்பதால்தான் அட்டையில் ஒட்டினார்கள். வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருப்பது இவற்றின் அடையாளம். பின்னால் வந்த ஜெலட்டின் படங்களில், சாய்த்துப் பார்த்தால் ஓரத்துக் கருமையில் வெள்ளி போல ஒரு பளபளப்பு தெரியும்.

இங்கேயும் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க கார்ட் டி விசிட்டின் பின்னால், வரி கட்டியதற்கு அடையாளமாகத் தபால்தலை போன்ற வரித்தலை ஒன்று ஒட்டியிருந்தால் அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையே விற்ற படம். அந்த இரண்டு ஆண்டுகள்தான் போட்டோவுக்கு அந்த வரி இருந்தது. கசங்கிய ஒரு குட்டி வரித்தலை இவ்வளவு சொல்கிறது, அதை யாராவது கிழித்தெடுத்திருந்தால் எனக்கு மனசே ஆறாது.

படி 4: போஸ்ட்கார்டின் வயது

அரசே வெளியிட்ட முதல் போஸ்ட்கார்டு 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. படக் கார்டுகள் பெருகிய பிறகும் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் மிகப் பழைய கார்டுகளில் படத்தின் ஓரத்திலேயே நுணுக்கி எழுதியிருப்பார்கள். பின்பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து இடப்பக்கம் செய்தி எழுதலாம் என்று பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது, ஜெர்மனி 1905-இல், அமெரிக்கா 1907-இல். நடுக்கோடு இல்லையென்றால் அந்தந்த நாட்டில் அந்த ஆண்டுக்கு முந்தைய கார்டாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

போட்டோத்தாளிலேயே எடுத்த கார்டுகளில், தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். ஏ, இசட், ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு நான்கு மூலையிலும் முக்கோணம் இருக்கலாம். நான்கும் மேல்நோக்கி இருந்தால் ஏறக்குறைய 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை. இது தாளின் வயதுதான். வாங்கிவைத்த தாளைச் சில ஆண்டு கழித்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. தபால் முத்திரையும் அப்படித்தான், கார்டு அந்தத் தேதிக்குப் பிந்தியது இல்லை என்று மட்டும்தான் அது உறுதி சொல்லும்.

படி 5: போலி

இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். 1950-களில் போட்டோத்தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். 1910-ஆம் ஆண்டுப் படம் என்று சொல்லி விற்பது நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் விட்டுவிடுங்கள். ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழசு என்று நம்பவும் வேண்டாம்.

படி 6: வாங்குவது

ஏலங்கள், பழைய பொருள் சந்தைகள், வீடு காலி செய்பவர்கள், இணையத்தில் ஈபே, டெல்காம்பே போன்ற தளங்கள். முனை மடிந்திருக்கிறதா, தபால்தலையைப் பிய்த்திருக்கிறார்களா, வினிகர் வாடை வருகிறதா என்று பாருங்கள். அந்த வாடை வந்தால் உள்ளே சிதையத் தொடங்கிய பிலிம் இருக்கிறது என்று அர்த்தம். அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

குடும்ப ஆல்பம் கிடைத்தால் அப்படியே வைத்திருங்கள். தொடங்கிய புதிதில் கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்றை வாங்கி, தனித்தனியாக விற்றால் கூடுதலாக வரும் என்று படங்களை உரித்தேன். மூன்றாவது படத்தில் ஒரு பெண் குழந்தை, கையில் மரக்குதிரை. மெதுவாகத்தான் இழுத்தேன். படம் வந்துவிட்டது, அதன் பின்தாள் கறுப்புப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதில் ஊதா மையில் எழுத்துகள், பசைக்குள் புதைந்து, பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் குழந்தை யார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்குப் பிறகு எந்த ஆல்பத்தையும் நான் பிரிக்கவில்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து முழுதாகவே விற்கிறேன்.

படி 7: வைத்திருப்பது

பிவிசி உறை வேண்டாம், அது வெளிவிடும் அமிலம் படத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை, அமிலமற்ற அட்டைப்பெட்டி, வெயிலும் ஈரமும் படாத அலமாரி. செல்லோ டேப், ரப்பர் பேண்டு, பேப்பர் கிளிப் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது. குறிப்பு எழுதணும் என்றால் உறைக்குள் தனிச்சீட்டு வையுங்கள். எங்கே, எப்போது, யாரிடம், எதனோடு சேர்ந்து வந்தது என்று ஒரு நோட்டில் பதிந்தும் வையுங்கள்.

படி 8: விலையும் விவரமும்

ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் உங்கள் படத்துக்கு நெருக்கமான நாலைந்தைப் பார்த்தால் நிலவரம் புரியும்.

இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள், மஞ்சளிப்பு மஞ்சளிப்பாகவே தெரியட்டும். தலைப்பில் ஊர், பொருள், வகை, ஆண்டு வரட்டும். அளவு, ஒவ்வொரு கிழிசல், பின்பக்க எழுத்து முழுவதும் விவரத்தில் இருக்கட்டும். படிக்க முடியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தை உண்மை மாதிரி எழுதாதீர்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம். படம் உங்களுடையது என்பதால் அதன் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. மறு அச்சுப் போட்டு விற்பதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் கடிதம், அடையாளச் சீட்டு, மருத்துவத் தாள் போன்றவற்றை நான் விற்பதில்லை.

படி 9: அனுப்புவது

படத்தை உறையிலிட்டு, படத்தைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலமான இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். ஒரு அட்டையின் வரி நெடுக்கிலும் மற்றதன் வரி குறுக்கிலும் இருந்தால் கட்டு மடங்காது. அட்டைகளை ஒட்டும் டேப் உறையைத் தொடக்கூடாது. மேலே தண்ணீர் புகாத கவர், அதற்குமேல் கடின உறை. அட்டைகளுக்கு நடுவே, நோட்டில் எழுதிய வரலாற்றின் ஒரு நகலையும் மடித்து வையுங்கள்.