கேட், ஊஞ்சல், பிரம்பு நாற்காலி: எப்போதாவது பெயிண்ட் அடிப்பவர்கள் எந்த ஸ்பிரேயர் வாங்கலாம்?

சென்னையில் இரும்பு கேட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அடித்த பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலை ஒட்டிய வீடுகளில் இன்னும் மோசம். கீல் பக்கத்திலும் வெல்டிங் வைத்த மூலையிலும் முதலில் பழுப்பாக ஒரு கோடு கிளம்பும். பிறகு அந்த இடத்தில் பெயிண்ட் உப்பிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். இதற்கென்று பெயிண்டரைக் கூப்பிட்டால், "வேற வேலை ஏதாவது இருக்கா சார், சேர்த்துச் செஞ்சிடலாம்" என்பார். சரி, நாமே அடித்துவிடலாம் என்று ஆன்லைனில் தேடினால், 450 வாட், 650 வாட், 800 வாட் என்று வரிசை கட்டி நிற்கும் ஸ்பிரேயர்களில் எதை எடுப்பது என்று தலை சுற்றும்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வீட்டுக்கு வெளியே பெயிண்ட் வேலை பார்க்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எந்தப் பொருளுக்கு அடிக்கப் போகிறோம், என்ன பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த மெஷின் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: வீட்டைச் சுற்றி நடந்து ஒரு பட்டியல் போடுங்கள்

கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, ஊஞ்சல், பிரம்பு நாற்காலி, ஏ.சி. வெளிப்பெட்டியைத் தாங்கும் ஆங்கிள், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், சிமென்ட் ஜாலி, கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பிக்கலாம். பெயிண்டை அல்ல, பட்டியலில் கோடு.

முதலில் ஜன்னல் கிரில்லை அடித்துவிடுங்கள். அரை இஞ்ச் கம்பிக்கு ஸ்பிரே பிடித்தால் பெயிண்டில் பெரும்பங்கு கம்பிக்கு நடுவே இருக்கும் சந்து வழியாக வீட்டுக்குள்ளோ பக்கத்து வீட்டுச் சுவருக்கோ போய்விடும். ஒரு இஞ்ச் பிரஷ்தான் இதற்குச் சரி. வெறும் கம்பி வைத்த கேட்டுக்கும் இதே கதைதான். தகடு அடித்த கேட்டாக இருந்தால் மட்டும் பட்டியலில் வைத்திருங்கள்.

கைப்பிடிச் சுவரையும் அநேகமாக அடித்துவிடலாம். சுவருக்கு ஸ்பிரே வேகம்தான். ஆனால் தரையை மூடி, தண்ணீர்த் தொட்டியை மூடி, சோலார் ஹீட்டரை மூடி, கடைசியில் மெஷினைக் கழுவி முடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு சாதாரண வீட்டு மாடிக்கு ரோலரே முந்திவிடும். வெயில் சூட்டைத் தடுக்க மாடித் தரையில் போடும் வெள்ளைப் பூச்சும், நீர்க்கசிவுக்குப் போடும் ரப்பர் மாதிரியான பூச்சும் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். சின்ன ஸ்பிரேயரில் அவை வரவே வராது.

ஸ்பிரேயர் தன் விலையைத் திருப்பித் தருவது வேறு இடங்களில். பிரம்பு நாற்காலியின் பின்னலுக்குள் பிரஷ் நுழையாது; நுழைந்தாலும் முடிச்சு முடிச்சாகப் பெயிண்ட் தங்கிவிடும். சிமென்ட் ஜாலியின் உள்பக்கங்கள், பூ வேலைப்பாடு வைத்த வார்ப்பிரும்புப் பெஞ்ச், அலை அலையான தகரக் கூரை, ஊஞ்சல் சங்கிலி இவையெல்லாம் அந்த வகை. தகடு கேட்டில் பிரஷ் கோடு தெரியாமல் வழவழவென்று வர வேண்டும் என்றாலும் ஸ்பிரேதான்.

அடித்தது போகப் பட்டியலில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சுகிறதா? மெஷினே வேண்டாம். குலுக்கி அடிக்கும் ஸ்பிரே டப்பா இரண்டு மூன்று வாங்கினால் வேலை முடிந்தது.

படி 2: பெயிண்ட் எது, நாசில் எது என்று பாருங்கள்

இரும்புக்கும் மரத்துக்கும் நம் ஊரில் பெரும்பாலும் எனாமல் என்ற எண்ணெய்ப் பெயிண்ட்தான். இரும்பு என்றால் அதற்கு முன் ரெட் ஆக்சைடு பிரைமர், அதாவது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. வெளிச் சுவருக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன். இந்த மூன்றும் மூன்று கெட்டியில் இருக்கும், அதனால் மூன்று அளவு நாசில் (பெயிண்ட் வெளியே வரும் முனைத் துளை) கேட்கும். கையடக்க ஸ்பிரேயர்களில் எனாமலுக்கு ஏறக்குறைய 1.5 முதல் 1.8 மில்லிமீட்டர், பிரைமருக்கு 2 மில்லிமீட்டர், எமல்ஷனுக்கு 2.5 அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் எழுதியிருப்பதிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எண்தான். ஒரே ஒரு நாசிலோடு வரும் மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

இந்தக் கருவியின் பூர்வீகம் தெரிந்தால் அது ஏன் கெட்டியான பெயிண்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது என்பதும் புரியும். அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் டிவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அதே தத்துவத்தை வைத்து அவருடைய மகன் தாமஸ் 1907-இல் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். மருந்து தண்ணீராக இருந்தது, பெயிண்ட் அப்படி இல்லை. பெயிண்டை இளக்கத் தின்னர் கலப்பது என்ற தொல்லை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

எனாமலுக்கு எதைக் கலப்பது என்பது டின்னிலேயே எழுதியிருக்கும். பல எனாமல்களுக்கு டர்பன்டைன் போதும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கானது) எடுத்துக் கொடுப்பார். டின்னில் சொல்லியிருந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

படி 3: நான்கு வகையில் உங்களுடையது எது?

கையடக்க மின்சார ஸ்பிரேயர். எச்.வி.எல்.பி. என்று பெட்டியில் போட்டிருக்கும். நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்பது இதன் தத்துவம். சின்ன மோட்டார் ஒரு விசிறியைச் சுற்றும், அந்தக் காற்று பெயிண்டைப் பொடிப்பொடியாக்கித் தள்ளும். பெயிண்ட் ஊற்றும் கப் 700 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். சாதாரண பிளக்கிலேயே ஓடும். வேக்யூம் கிளீனர் அளவுக்குச் சத்தம் போடும் என்பதால், அபார்ட்மென்டில் மத்தியானத் தூக்க நேரத்தில் வேண்டாம். இந்த வகையில் காற்று மோட்டார் கைப்பிடியிலேயே இருப்பது ஒன்று, தரையில் வைத்து ஹோஸ் மூலம் இணைப்பது இன்னொன்று. கேட் அடிக்க அரை மணி நேரம் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். நிரம்பிய கப்போடு மோட்டாரையும் சேர்த்துத் தூக்கினால் மணிக்கட்டு விட்டுப்போகும். பணம் கொஞ்சம் கூடினாலும் ஹோஸ் வைத்ததைப் பாருங்கள். நம்மைப் போல எப்போதாவது அடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வகையே போதும்.

கம்ப்ரசரும் துப்பாக்கியும். கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கும், துப்பாக்கி அந்தக் காற்றில் பெயிண்டை அடிக்கும். புதுப்பேட்டையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். ஃபினிஷிங்கில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் கம்ப்ரசர் எடை, டேங்கில் சேரும் தண்ணீர், இடம் என்று பல விஷயம் இருக்கிறது. 2 குதிரைத்திறன் கம்ப்ரசருக்குச் சுமார் ஒன்றரை கிலோவாட் வேண்டும். கிளம்பும்போது அதைவிட நிறைய இழுக்கும். போர்ட்டிகோவில் இருக்கும் சின்ன பிளக் இதற்கு ஆகாது, 15 ஆம்பியர் பிளக் வேண்டும். சென்னை ஈரக்காற்றில் டேங்கில் தண்ணீர் வேறு சீக்கிரம் சேரும். அதை அவ்வப்போது திறந்துவிடாவிட்டால் பெயிண்டோடு சேர்ந்து நீர்த்துளி தெறிக்கும். டயருக்குக் காற்றடிக்க, தூசி ஊத என்று ஏற்கெனவே கம்ப்ரசர் வைத்திருந்தால் ஒரு துப்பாக்கி மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயிண்டுக்காக மட்டும் கம்ப்ரசர் வாங்குவது வீண் செலவு.

ஏர்லெஸ். பெரிய கட்டடங்களில் பெயிண்டர்கள் டிரம்மிலிருந்து நேராக உறிஞ்சி அடிப்பது இது. காற்றே கிடையாது, பம்ப் பெயிண்டையே 2000, 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான். இந்த அழுத்தத்தில் நாசில் முன்னால் விரல் பட்டால் பெயிண்ட் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை வீணாகிக்கொண்டிருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். ஒருநாள் இரண்டுநாள் வேலைக்கு இதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. முழு வீட்டுக்கும் வெளிச்சுவர் அடிக்க வேண்டுமென்றால், மெஷின் வைத்திருக்கும் பெயிண்டரிடமே வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

பேட்டரி ஸ்பிரேயர். கேட் பக்கத்தில் பிளக் இல்லாதவர்களுக்கு வசதி. காற்று ஊத நிறைய மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதே கம்பெனி டிரில் வைத்திருந்து பேட்டரி பொருந்துமென்றால் யோசிக்கலாம்.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. நாசிலைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கப்பில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பாருங்கள். காலியாகத் தூக்கும்போது எல்லாமே லேசாகத்தான் இருக்கும். பெயிண்ட் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, நாசில் முகப்பைத் திருப்பினால் படுக்கை, நெடுக்கை, வட்டம் என்று மூன்று வடிவம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாசிலும் வாஷரும் தனியா கிடைக்குமா?" கடைக்காரர் இழுத்தால் வேறு கம்பெனி பாருங்கள். இந்த மெஷினில் முதலில் போவது மோட்டார் அல்ல, ரப்பர் வாஷர்தான்.

எக்ஸ்டென்ஷன் வயர் எர்த் உள்ள மூன்று பின் வயராக இருக்கட்டும். அதோடு மாஸ்க். எமல்ஷனுக்கு என்-95 போதும். எனாமல் என்றால் அது போதாது. டர்பன்டைன் ஆவியை அது தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள், கண்ணாடியும் சேர்த்து.

படி 5: நாளும் நேரமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, தொட வேண்டாம். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். சுட்ட தகட்டில் பெயிண்ட் படிவதற்குள்ளேயே பாதி காய்ந்து, தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கும் பழக்கம் பழையது என்றாலும், மார்கழிப் பனியில் காலையில் கேட்டைத் தொட்டால் கை ஈரமாகும். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம்.

நேரம், காலை எட்டரை, ஒன்பதிலிருந்து கடற்காற்று வரும்வரை. மத்தியானம் காற்று கிளம்பிவிட்டால் உங்கள் எனாமல் மேற்கு வீட்டுக்காரர் காரில் இருக்கும். புகை மாதிரி பறக்கும் எமல்ஷன் துளி கொஞ்ச தூரத்தில் காய்ந்து தூளாகிவிடும், துடைத்தால் போய்விடும். எனாமல் துளி ஈரமாகவே போய் ஒட்டும். முந்தின நாளே சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள், மாடியில் காயும் துணியையும்.

கேட்டைச் சுரண்டும்போது ஒன்று. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

படி 6: வாங்கிய அன்றே தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்

பெட்டியைப் பிரித்தவுடன் பெயிண்ட் ஊற்றாதீர்கள். கப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி, சிமென்ட் தரையில் அடித்துப் பாருங்கள். இணைப்புகளில் கசிகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். பெயிண்ட் பட்ட மெஷினை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

அடுத்து உண்மையான பெயிண்ட், ஆனால் அட்டைப்பெட்டியில். பெயிண்டைக் கொசுவலைத் துண்டில் வடிகட்டி ஊற்றுங்கள். அட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, மணிக்கட்டை வளைக்காமல் கையை நேராக இழுங்கள். கை நகர ஆரம்பித்த பிறகு விசையை அழுத்த வேண்டும், நிற்பதற்கு முன் விட வேண்டும். முந்தின கோட்டின் பாதியின் மேல் அடுத்த கோடு விழட்டும். இப்போது அட்டையைப் பாருங்கள். பெரிய பெரிய புள்ளிகளாகத் தெறித்திருந்தால் பெயிண்ட் கெட்டி. கொஞ்சம் டர்பன்டைன் சேருங்கள். வழிந்து ஓடினால் தண்ணியாகிவிட்டது, அல்லது கை மெதுவாக நகர்ந்திருக்கிறது. தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. கேட்டில் ஒரே தடவையில் மூட நினைக்காதீர்கள். முதல் பூச்சில் அடி நிறம் லேசாகத் தெரிந்தால்தான் சரியாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் டீ குடிக்க உட்காராதீர்கள். மிச்சப் பெயிண்டை டின்னில் ஊற்றிவிட்டு, கப்பில் டர்பன்டைன் விட்டு (எமல்ஷன் என்றால் தண்ணீர்), தெளிவாக வரும்வரை ஒரு பழைய டப்பாவுக்குள் அடியுங்கள். அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடி வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறை கழுவ வைத்துக்கொள்ளலாம். டர்பன்டைன் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். எனாமல் நனைந்த துணிக் குவியல் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம்.

நாசிலையும் அதற்குள் இருக்கும் ஊசியையும் கழற்றித் துடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். துப்பாக்கியிலிருந்து கப்புக்குள் காற்றை அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று பல மாடல்களில் உண்டு. கப்பைச் சாய்க்கும்போது பெயிண்ட் அதற்குள் ஏறிக்கொள்ளும். அங்கே காய்ந்து அடைத்துக்கொண்டால், மோட்டார் நன்றாக ஓடும், பெயிண்ட் மட்டும் வராது. அதைக் கழற்றி ஊதிப் பாருங்கள், தாராளமாகக் காற்று போக வேண்டும். ரப்பர் வாஷரில் கொஞ்சம் வாசலின் தடவி, வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.